முப்பத்திரண்டு குழாய்கள்

பட்டறையில் அவளுக்குப் பெயர் முந்திரி. சேர்ந்த முதல் வாரத்தில் சூப்பர்வைசர் வைத்த பெயர் அது. அவர் ஒரு வேலையைச் சொல்லி முடிப்பதற்குள் அவள் பாதியைச் செய்து முடித்திருப்பாள். "ஏம்மா, நீ என்ன முந்திரிக்கொட்டையா? நான் இன்னும் சொல்லியே முடிக்கலையே" என்று அவர் ஒருநாள் சிரிக்க, மொத்தப் பட்டறையும் சேர்ந்து சிரித்தது. பதினேழு வருஷமாகியும் அந்தப் பெயர் போகவில்லை. கோபம் வந்தால் கட்டிய கணவனே அப்படித்தான் கூப்பிடுவான். அவளுக்கும் உள்ளூரப் பெருமைதான். முந்துகிறவளைத்தானே முந்திரி என்பார்கள்?

அங்கே செய்வது சூட்டைக் கடத்தும் செம்புக் குழாய்கள். வெளியிலிருந்து பார்த்தால் சாதாரணக் குழாய். உள்ளேதான் விஷயம். உட்சுவர் முழுக்கச் செம்புத்தூளையே ஒட்டவைத்து ஒரு தோல் போல ஆக்கியிருப்பார்கள். கடற்பஞ்சு போலப் பொடிப்பொடித் துளைகள் நிறைந்த தோல். குழாய்க்குள் கொஞ்சம் தண்ணீர் விட்டு, காற்றை உறிஞ்சி, இரண்டு முனையையும் அடைத்துவிடுவார்கள். ஒரு முனை சூடானால் தண்ணீர் ஆவியாகி மறுமுனைக்கு ஓடும். அங்கே குளிர்ந்து, விளக்குத்திரியில் எண்ணெய் ஏறுவது போல அந்தத் தோலின் துளைகள் வழியாகவே திரும்பி வரும். மோட்டார் கிடையாது, கரண்ட் கிடையாது. தோல் நன்றாக இருந்தால் குழாய் வருஷக்கணக்கில் உழைக்கும். தோல் கெட்டால் அது வெறும் செம்பு.

அந்தத் தோலுக்கு வேண்டிய தூளைக் குழாயில் நிரப்புவது முந்திரியின் வேலை. குழாயின் நடுவே ஒரு எஃகுக் கம்பியை நிறுத்துவாள். கம்பிக்கும் சுவருக்கும் இடையே இருக்கிற மெல்லிய இடுக்கில் தூளைக் கொட்டி, மரக்கட்டையால் குழாயைத் தட்டிக்கொண்டே வருவாள். தூள் இறங்க இறங்கச் சத்தம் மாறும். முதலில் கணீர் என்று இருப்பது, நிரம்பியதும் பொத் பொத் என்று அடங்கும். அந்தச் சத்தத்தை வைத்தே எங்கே தூள் இறங்காமல் பொக்கை விழுந்திருக்கிறது என்று சொல்லிவிடுவாள். நிரப்பிய குழாய்களை வரிசையாக நிறுத்தி உலைக்குள் தள்ளினால், செம்பு உருகும் சூட்டுக்குக் கொஞ்சம் கீழே, துகளும் துகளும் தொடும் இடத்தில் ஒட்டிக்கொள்ளும். மறுநாள் காலையில் கம்பியை உருவிவிட்டால் தோல் மட்டும் நிற்கும்.

தூளைச் சலித்துக் கொடுப்பவள் அவளுடைய நாத்தனார், கணவனின் தங்கை. கல்யாணம் அமையாமல் அண்ணன் வீட்டிலேயே இருந்தவளை, "வீட்டுல உக்காந்து என்ன பண்ணப்போறே, என்கூட வா" என்று முந்திரிதான் பட்டறைக்கு அழைத்து வந்தாள். நாத்தனாருக்கு எதற்கெடுத்தாலும் ஒரே பேச்சு: "அண்ணி சொன்னா சரியாத்தான் இருக்கும்." சலிப்பதில் அவளை அடிக்க ஆளில்லை. மேலே ஒரு சல்லடை, கீழே ஒரு சல்லடை. மேலே தங்குவது கரடு. இரண்டையும் தாண்டி அடியில் விழுவது மாவு. நடுவே நிற்பதுதான் வேலைக்கு ஆகும். மாவை ஒரு டப்பாவில் தனியாக வைத்து, தூள் வந்த இடத்துக்கே திருப்பி அனுப்பிவிடுவார்கள். மாவை நிரப்பினால் உலையில் அளவுக்கு மீறிச் சுருங்கிச் சுவரை விட்டுப் பெயர்ந்துவிடும். இது பட்டறையில் எல்லோருக்கும் தெரிந்த பாலபாடம். முந்திரிக்குத் தெரியாதா என்ன?

அன்றைக்கு நாத்தனாருக்குப் பல்வலி. கன்னம் வீங்கிப்போய், மத்தியானமே கிளம்பிவிட்டாள். "நூத்தி இருபது குழாய்க்கும் சலிச்சு வெச்சிருக்கேன் அண்ணி" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். ஆனால் அந்த முறை வந்த குழாய்கள் கொஞ்சம் அகலம்; தூள் கூடுதலாக இழுத்தது. எண்பத்தெட்டாவது குழாயோடு டப்பாவின் அடியில் கொஞ்சம் தூள்தான் மிச்சம். உலையை மூட அரைமணி நேரம்தான் இருந்தது. சலிக்க உட்கார்ந்தால் ஒரு மணி நேரமாகும். சூப்பர்வைசரிடம் போய், "சார், முப்பத்திரெண்டு குழாய் நாளைக்குத்தான்" என்று சொல்லலாம். சொன்னால் அவர் ஒன்றும் கடித்துத் தின்றுவிட மாட்டார். ஆனால் வாசலருகே தொங்கிய பலகையில், நிரப்பும் பிரிவில் தாமதமே இல்லாத நாட்கள் இருநூற்றுப் பதினொன்று என்று எழுதியிருந்தது. அந்த எண் அவளுடையது. தினமும் உள்ளே நுழையும்போது அதைப் பார்க்காமல் அவள் கால் நகராது.

எழுந்து போய் மாவு டப்பாவை எடுத்து வந்தாள். மிச்சமிருந்த நல்ல தூளோடு கொஞ்சம் கலந்தாள். 'கலந்தாச்சு, பெரிசா வித்தியாசம் வராது' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கலந்தது முதல் நாலைந்து குழாய்களுக்குத்தான் வந்தது. அதற்கப்புறம் போனதெல்லாம் வெறும் மாவு.

மறுநாள் காலையில் கம்பிகளை உருவும்போதே கைக்குத் தெரிந்துவிட்டது. முதல் எண்பத்தெட்டும் லேசாகத் திருகியதும் நழுவி வந்தன. கடைசி முப்பத்திரண்டு குழாய்களும் கம்பியைக் கவ்விப் பிடித்துக்கொண்டு விட மறுத்தன. காலால் பெஞ்சை உதைத்துக்கொண்டு இழுக்க வேண்டியிருந்தது. அப்போதும் வாய் திறந்திருக்கலாம். சோதனைக்கு ஆறு குழாய் கேட்டார்கள். முதல் வரிசையிலிருந்து ஆறு எடுத்துக் கொடுத்தாள். தண்ணீரில் முனையை நனைத்துப் பார்த்தார்கள். ஈரம் விறுவிறுவென்று ஏறியது. நூற்று இருபதும் பெட்டிக்குள் போயின. பலகையில் இருநூற்றுப் பன்னிரண்டு ஆனது.

இரண்டு மாதம் ஒன்றும் நடக்கவில்லை. அவளும் மறந்துவிட்டாள் என்றே சொல்லலாம். பிறகு ஒரு காலை, சூப்பர்வைசர் நீளவாக்கில் அறுத்த ஒரு குழாயைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். தொலைபேசிக் கோபுரங்களின் பெட்டிகளில் மாட்டிய குழாய்கள் சூட்டைக் கடத்தாமல், சூடேறி மூன்று பெட்டிகள் நின்றுவிட்டனவாம். அறுத்த குழாயைப் பெஞ்சில் வைத்தார். உட்தோல் விரிசல் விட்டு, அவித்த முட்டையிலிருந்து ஓடு கழன்றது போலச் சுவரைவிட்டுத் தனியாகக் கிடந்தது.

"மாவு போயிருக்கு," என்றார். "இந்த லாட்டுக்குச் சலிச்சது யாரு?"

சீட்டில் நாத்தனாரின் கையெழுத்து இருந்தது. அவள் பூதக்கண்ணாடியை வாங்கிக் குழாயைப் பார்த்தாள். பார்க்கப் பார்க்க முகம் வெளுத்தது.

"சார், அந்த வாரம் மாவு டப்பால ஒன்றரைக் கிலோ குறைஞ்சுது. எடை போடும்போதே இடிச்சுது. கணக்குல தப்புன்னு நெனச்சேன். நான்தான் டப்பாவை மாத்திக் கொட்டியிருக்கேன்."

"அது எப்படிம்மா மாத்திக் கொட்டுவே? பார்த்தா தெரியாதா?"

"தெரியலையே சார்."

அவர் கெட்ட மனுஷர் இல்லை. ஆனால் மேலிடத்துக்குப் பதில் சொல்ல வேண்டிய படபடப்பு. இரண்டு காகிதங்களில் இரண்டு வகைத் தூளைக் கொஞ்சம் கொஞ்சம் கொட்டி, "இதுல எது மாவு? சொல்லு பார்ப்போம்" என்றார். சுற்றிலும் பத்துப் பேர் நின்றார்கள். நாத்தனார் எப்போதும் கையுறையைக் கழற்றிவிட்டு, கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தேய்த்துப் பார்த்துத்தான் சொல்வாள். வெறும் கண்ணால் அந்த இரண்டையும் பிரித்துச் சொல்ல அந்தப் பட்டறையில் ஒருத்தராலும் முடியாது. முந்திரிக்கு அது நன்றாகத் தெரியும். 'விரலால தொட்டுப் பார்க்கச் சொல்லுங்க சார்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவள் நாத்தனாருக்குப் பின்னால் நின்று காகிதங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாத்தனார் கலங்கிய கண்ணோடு குனிந்து பார்த்து, இடது பக்கத்தைக் காட்டினாள். தப்பு.

யாரும் அவளை வேலையை விட்டுப் போகச் சொல்லவில்லை. "கண்ணைக் காட்டிட்டு வாம்மா, அதுவரைக்கும் வேற வேலை பாரு" என்றுதான் சூப்பர்வைசர் சொன்னார். அவளேதான் மறுநாள் கடிதம் எழுதிக் கொடுத்தாள். "நாளைக்கு இன்னொண்ணு நடந்தா யாரு பதில் சொல்றது? உங்களுக்கும்ல கெட்ட பேரு அண்ணி" என்றாள்.

கண் டாக்டரிடம் முந்திரிதான் அழைத்துப் போனாள். அவர் பெட்டி பெட்டியாகக் கண்ணாடி மாற்றிப் பார்த்துவிட்டு, "நாப்பத்தி நாலு வயசுக்கு இது ரொம்ப நல்ல கண்ணு. படிக்க ஒரு கண்ணாடி போட்டுக்கோங்க, போதும்" என்றார். நாத்தனார் வீட்டு வாசலில் வந்து நின்று சொன்னாள்: "டாக்டர் என்னைச் சமாதானப்படுத்துறாரு. அம்மாவுக்கும் மொதல்ல இப்படித்தான் சொன்னாங்க."

மாமியாருக்குக் கடைசி ஆறு வருஷம் பார்வை இல்லை. கையைப் பிடித்து நடத்தியது, சோறு எங்கே குழம்பு எங்கே என்று தட்டில் விரலை வைத்துக் காட்டியது எல்லாம் இந்த இரண்டு பேரும்தான். அதனால் அந்த வார்த்தையின் பயம் முந்திரிக்கும் புரிந்தது. புரிந்தும் வாயைத் திறக்கவில்லை.

அதற்கப்புறம் நாத்தனார் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கினாள். சாயங்காலங்களில் அக்கம்பக்கத்துக்குத் துணி தைத்துக் கொடுப்பவள், ஊசியில் நூல் கோக்க ஆள் தேடினாள். அரிசியைப் புடைத்துவிட்டு, "அண்ணி, கல்லு இருக்கான்னு நீங்க ஒரு தடவை பார்த்துடுங்க" என்பாள். தெருமுனையில் வண்டியே வராத நேரத்தில்கூட நின்று நின்று பார்த்து, யாராவது வந்தால் அவர்கள் பின்னாலேயே ரோட்டைக் கடந்தாள். முந்திரி அவளுக்கு விழுந்து விழுந்து செய்தாள். நல்ல துண்டாகப் பார்த்து அவள் தட்டில் வைத்தாள். அவள் துணியையும் சேர்த்துத் துவைத்தாள். குரலை உயர்த்தி ஒரு வார்த்தை பேசவில்லை. "கூடப் பொறந்தவங்ககூட இவ்வளவு பார்க்க மாட்டாங்க அண்ணி" என்று நாத்தனார் கண்கலங்குவாள். அடுப்பிலிருந்து எடுத்த கரண்டியை உள்ளங்கையில் வைத்தது போல இருக்கும் முந்திரிக்கு.

ஒருநாள் கணவனிடம் ஆரம்பித்துப் பார்த்தாள். "ஒருவேளை தப்பு அவமேல இல்லாம இருந்தா?"

"அவளே ஒத்துக்கிட்டா. நீ ஏன் அதைப் போட்டுக் கிளறுறே?" என்றவன், சட்டென்று முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதுவிட்டான். "அம்மா மாதிரியே ஆயிடுவாளோன்னு பயமா இருக்கு." முந்திரி பக்கத்தில் உட்கார்ந்து அவன் முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

பட்டறையில் கரண்ட் போய், மத்தியானமே எல்லோரையும் அனுப்பிவிட்ட ஒருநாள். வீட்டுக் கதவு சாத்தியிருந்தது, தாழ்ப்பாள் போடவில்லை. தள்ளிக்கொண்டு உள்ளே போனவள் அப்படியே நின்றாள். நாத்தனார் ஒரு துண்டை மடித்துக் கண்ணை இறுக்கக் கட்டிக்கொண்டு, சுவரைத் தடவியபடி சமையலறைக்கும் கூடத்துக்கும் நடந்துகொண்டிருந்தாள். உதடு எண்ணிக்கொண்டிருந்தது. "ஆறு, ஏழு... இங்க படி." குடத்தருகே போய் உட்கார்ந்து, டம்ளரின் விளிம்புக்குள் ஒரு விரலை விட்டுக்கொண்டு தண்ணீர் ஊற்றினாள். விரல் நனைந்ததும் நிறுத்தினாள். தரையெல்லாம் ஈரம், நிறைய தடவை சிந்தியிருக்க வேண்டும்.

"யாரு?" என்றாள், முகத்தைத் திருப்பாமல்.

"நான்தான்."

"அண்ணியா? சீக்கிரம் வந்துட்டீங்களே." வெட்கப்பட்டுச் சிரித்தாள். "ஒண்ணுமில்ல, பழகிக்கறேன். திடீர்னு வந்தா கஷ்டம்ல. அம்மா எப்படித் தடுமாறினாங்கன்னு பார்த்தோம்ல. உங்களுக்கு மறுபடியும் அந்தப் பாடு வேண்டாம்னுதான்."

முந்திரி ஈரத்தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். கண் கட்டியிருக்கும்போதே சொல்லிவிட வேண்டும், அவிழ்த்துவிட்டால் சொல்ல முடியாது என்று தோன்றியது.

"உன் கண்ணுக்கு ஒண்ணுமில்ல. மாவைப் போட்டது நான்."

டம்ளர் நாத்தனாரின் கையிலேயே இருந்தது. "என்ன அண்ணி?"

"உனக்குப் பல்லு வலிச்ச அன்னைக்கு. தூள் பத்தல. உன் மாவு டப்பாவை எடுத்து நான்தான் நிரப்பினேன். நீ எதையும் மாத்திக் கொட்டல."

நாத்தனார் டம்ளரைக் கீழே வைத்தாள். துண்டை அவிழ்க்கவில்லை.

"எத்தனை குழாய்?"

"முப்பத்திரெண்டு."

"தெரிஞ்சேவா?"

"தெரிஞ்சேதான்."

"அந்தாளு ரெண்டு காகிதத்தை நீட்டிக் கேட்டப்ப நீங்க எனக்குப் பின்னாடிதானே நின்னீங்க?"

"ஆமா."

"டாக்டர்கிட்ட என்கூட வந்தீங்க."

"ஆமா."

ஒவ்வொரு ஆமாவுக்கும் முந்திரி ஒரு அடி கீழே போனாள். அதற்கு மேல் நாத்தனார் கேட்கவில்லை. துண்டை அவிழ்த்தாள். கண்ணைக் கசக்கிக்கொண்டு ஜன்னலைப் பார்த்தாள், எதிர்வீட்டுக் கொடியில் காய்ந்த துணிகளைப் பார்த்தாள், தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முதலில் சிரிப்புதான் வந்தது அவளுக்கு. அடக்க முடியாத, சின்னப்பிள்ளைச் சிரிப்பு. "எனக்கு ஒண்ணுமில்லையா? நெசமாவே ஒண்ணுமில்லையா?" என்று இரண்டு தடவை கேட்டாள். முந்திரிக்கும் ஒரு கணம், எல்லாம் சரியாகிவிடும் என்றே தோன்றியது. அப்புறம் சிரிப்பு நின்றது. நாத்தனார் எழுந்து உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சாத்தும்போது சத்தம் வராமல் சாத்தினாள். படார் என்று அறைந்திருந்தால்கூடத் தேவலை.

கணவன் வந்ததும் அவனிடமும் சொன்னாள். அவன் கத்தவில்லை. "அவ கண்ணு போயிடும்னு நான் அழுதேன். நீ பக்கத்துல உக்காந்து முதுகைத் தடவிக் குடுத்தே" என்று மட்டும் சொன்னான். அதைச் சொல்லும்போது அவளை ஏதோ புது ஆளைப் பார்ப்பது போலப் பார்த்தான். அந்தப் பார்வை முழுசாகப் போக அதற்கப்புறம் ரொம்ப நாளாயிற்று.

மறுநாள் பட்டறை திறந்ததும் நேரே சூப்பர்வைசரிடம் போனாள். எல்லோர் முன்னாலும் சொல்கிறேன் என்று அவளேதான் கேட்டுக்கொண்டாள். சொல்லி முடித்ததும் அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அன்னைக்குக் காலைல கம்பி இறுகுதுன்னு சொல்லியிருந்தா, முப்பத்திரெண்டையும் தூக்கிக் கழிவுல போட்டிருப்போம். ஒரு நாள் வேலை போயிருக்கும். அவ்வளவுதாம்மா." கொஞ்சம் பொறுத்து, "நானும் அந்தக் காகித வேலையைப் பண்ணியிருக்கக் கூடாது. கண்ணால யாரு சொல்ல முடியும்?" என்றார்.

அன்றே பலகையை அழித்தார்கள். அவளைக் குழாய் கழுவும் இடத்துக்கு மாற்றினார்கள்: அமிலத் தொட்டி, தண்ணீர்த் தொட்டி, துடைக்கும் துணி. அந்த மூலையில் பேச்சுத் துணைக்கும் ஆளில்லை. அவளுக்கும் அதுவே சௌகரியமாக இருந்தது.

சூப்பர்வைசர் வீட்டுக்கே வந்து நாத்தனாரிடம் மன்னிப்புக் கேட்டு, திரும்ப வரச் சொன்னார். மூன்று வாரம் கழித்துத்தான் அவள் வந்தாள். அதற்குள் தையல் கடைக்கு மேலே ஒரு அறையை வாடகைக்குப் பிடித்துக்கொண்டு போயிருந்தாள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கும்போது முந்திரி கதவோரம் நின்றாள். "போகணுமா?" என்று கேட்டாள்.

"இங்க இருந்தா நீங்க எனக்கு என்ன செஞ்சாலும், எதுக்காகச் செய்யறீங்கன்னு யோசிச்சுக்கிட்டே இருப்பேன்," என்றாள் நாத்தனார். கோபமாகச் சொல்லவில்லை. அண்ணனைப் பார்க்க வாரம் ஒருமுறை வருவாள். முந்திரியை 'அண்ணி' என்று கூப்பிடுவது மட்டும் நின்றுபோனது. நேரே பார்த்து, "நீங்க" என்று ஆரம்பித்துவிடுவாள்.

ஒரு வருஷம் போனது. நிரப்பும் பெஞ்சில் இருந்தவர் வேறு ஊருக்குப் போய்விட, சூப்பர்வைசர் கழுவும் தொட்டிக்கு வந்து நின்றார். "திரும்ப வர்றியா? உன் காது மாதிரி இன்னொரு காது கிடைக்கல."

ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே முந்திரி யோசித்தாள். வர ஆசைதான், அந்த ஆசையே அவளுக்குக் கூச்சமாக இருந்தது. "அவகிட்டக் கேளுங்க சார். அவ சரின்னா வரேன்."

நாத்தனார் மறுநாள்தான் சொல்லியனுப்பினாள்: "வரட்டும். ஆனா தூளை நான்தான் எடை போட்டுக் கொண்டுவந்து குடுப்பேன். மிச்சத்தையும் நானே எடை போட்டு வாங்கிக்குவேன்."

அப்படியே நடக்கிறது. தினமும் காலையில் நாத்தனார் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு டப்பாவோடு வருவாள். எடையைச் சொல்வாள், சீட்டை நீட்டுவாள். முந்திரி கையெழுத்துப் போடுவாள். சாயங்காலம் மிச்சத்துக்கும் அதே போல. தன்னை நம்பவில்லை என்று ஊரறிய எழுதி வாங்கும் அந்தச் சீட்டில், முந்திரி ஒருநாள்கூட முகம் சுளிக்காமல் கையெழுத்துப் போடுகிறாள். அவள் தரப்பில் சொல்ல இருப்பதையெல்லாம் எப்போதோ சொல்லியாகிவிட்டது. இனிச் சொன்னால் அது தன் மனசை ஆற்றிக்கொள்வதற்காகத்தான் இருக்கும் என்று அவளுக்கே தெரியும்.

போன வாரம் நாத்தனார் டப்பாவை வைத்துவிட்டு உடனே போகாமல் கொஞ்சம் நின்றாள். முந்திரி ஒரு குழாயைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"அதுல நடுவுல பொக்கை இருக்கு போல," என்றாள் நாத்தனார்.

முந்திரி மறுபடி தட்டிப் பார்த்தாள். இருந்தது. "ஆமா," என்று தலையாட்டி, தூளை வெளியே கொட்டிவிட்டு முதலிலிருந்து நிரப்ப ஆரம்பித்தாள். நிமிர்ந்து பார்த்தபோது நாத்தனார் தூள் சலிக்கும் அறைக்குள் போயிருந்தாள்.